கலங்கல் அக்காவின் பதிவேடு

மீன்வளத் துறையின் மலை அலுவலகத்தில் ஓடைத் தண்ணீரை அளப்பதுதான் அக்காவின் வேலை. பதினான்கு வருடமாக அளந்துகொண்டிருந்தார். காலை ஆறு மணிக்குப் பாலத்தடியில் இறங்கி, கயிற்றில் கட்டிய வெப்பமானியை முக்கி எடுப்பார். வெள்ளைத் தட்டு ஒன்றைக் கீழே விட்டு, எத்தனை அடியில் கண்ணுக்கு மறைகிறது என்று பார்ப்பார். எல்லாவற்றையும் பதிவேட்டில் குறித்துவிட்டு, அலுவலக வாசலில் உள்ள கரும்பலகையில் எழுதுவார். வசந்தம் முடிகிற வாரங்களில் மேலே பனி உருகிக்கொண்டே இருக்கும் என்பதால் பலகையில் தினமும் ஒரே வார்த்தைதான்: கலங்கல். ட்ரவுட் மீன் பிடிக்க வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு, தண்ணீரைக் கலக்கியதே அவர்தான் என்பதுபோல முறைப்பார்கள். கலங்கல் அக்கா என்ற பட்டத்தைச் சூட்டியதும் அவர்கள்தான்.

அவர்கள் சாமானியப்பட்டவர்கள் அல்ல. புழு மாட்டி மீன் பிடிப்பது அவர்களுக்குக் கௌரவக் குறைச்சல். இறகையும் நூலையும் தூண்டில் முள்ளில் சுற்றி ஈ மாதிரி செய்து, அதை மீன் நம்பித் தொலைக்க வேண்டுமே என்று நாள் முழுக்க நிற்பார்கள். மீன் பெரும்பாலும் அவர்களைவிட விவரமானது. மாலையில் எதிரே இருக்கும் முடிதிருத்தும் கடையில் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, பலகை தப்பு, காற்று தப்பு, தண்ணீர் தப்பு என்று பொருமுவார்கள். கத்தரியைப் பிடித்திருப்பவர் அக்காவின் கணவர் என்று பாதிப் பேருக்குத் தெரியாது. அவரும் சொல்லிக்கொள்ள மாட்டார். காதோரத்தில் மட்டும் கொஞ்சம் தாராளமாக வெட்டிவிடுவார்.

ஒரு வசந்தத்தின் கடைசியில், துறை இயக்குநரே மீன் பிடிக்க வருகிறார் என்று தகவல் வந்தது. கண்காணிப்பாளருக்குத் தலைகால் புரியவில்லை. அலுவலகத்துக்கு வெள்ளையடித்தார். சுவரில் மாட்டியிருந்த பாடம் செய்த ட்ரவுட்டுக்கு ஒரு கண் உதிர்ந்திருந்தது. அந்த இடத்தில் சட்டைப் பொத்தான் ஒன்றை ஒட்டினார். மிச்சம் இருந்தது தண்ணீர்தான். அதையும் சரிசெய்துவிடலாம் என்று அக்காவைக் கூப்பிட்டார்.

"ஓடை வேண்டாம் சார்," என்றார் அக்கா. "தண்ணி நாலு டிகிரிதான் இருக்கு, வேகமும் ஜாஸ்தி. மீனெல்லாம் அடியில கல்லுக்குப் பின்னாடி ஒதுங்கிக் கிடக்கும். ஏரிக்குக் கூட்டிட்டுப் போங்க. அங்க கரையோரம் ஐஸ் உருகிருச்சு. வெயில் படுற பக்கம் மீன் மேல வருது."

ஏரிக்கரையில் போட்டோ எடுப்பாக வராது என்று கண்காணிப்பாளர் பொறுமையாக விளக்கினார். பிறகு தன் கைக்குட்டையாலேயே 'கலங்கல்' என்பதை அழித்துவிட்டு 'மிகவும் உகந்த நிலை' என்று எழுதினார். ஓடையை இவ்வளவு சுலபமாகத் தெளியவைத்தவர் அதற்கு முன் யாரும் இல்லை. பதிவேட்டையும் அப்படியே திருத்தச் சொன்னார்.

"போர்டு ஆபீசோடது சார், நீங்க எழுதிக்குங்க. பதிவேட்டுல என் கையெழுத்து இருக்கு. நான் பார்த்ததுதான் அதுல இருக்கும்."

சொல்லிவிட்டு அக்கா பதிவேட்டை மூடினார். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். மறுநாள் இயக்குநருக்குப் பக்கத்தில், மாட்டும் மீனை அள்ளும் கைவலையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும் என்பதே அதற்குக் கிடைத்த தண்டனை.

இயக்குநர் மார்பு வரை ஏறும் புத்தம்புது ரப்பர் கால்சட்டையில் வந்து இறங்கினார். முதல் வீச்சில் கண்காணிப்பாளரின் தொப்பி மாட்டியது. இரண்டாவதில் ஒரு மரக்கிளை. மூன்றாவதில் அவருடைய சட்டைக் காலரே. கண்காணிப்பாளர் ஒவ்வொன்றுக்கும் கைதட்டினார். வெயில் ஏற ஏறத் தண்ணீரும் ஏறும், பதினோரு மணிக்குள் கரையேறிவிட வேண்டும் என்று அக்கா இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். பதினொன்றேகாலுக்கு இயக்குநரின் காலடியில் ஒரு கல் புரண்டது. அவர் தண்ணீரில் உட்கார்ந்தார். கால்சட்டைக்குள் ஓடை புகுந்தது.

"பார்த்து சார்," என்று கரையிலிருந்தபடி கண்காணிப்பாளர் அரிய யோசனை சொன்னார்.

அக்கா ஒரு கையால் கரையோர மரம் ஒன்றை அணைத்துக்கொண்டு, மறு கையால் வலையின் நீளக் காம்பை நீட்டினார். இயக்குநர் அதைப் பிடித்துக்கொண்டார். தோள்பட்டை கழன்றுவிடும்போல இருந்தும் அக்கா விடவில்லை. அங்குலம் அங்குலமாக இழுத்துக் கரையில் போட்டார். அன்று அந்த வலைக்குக் கிடைத்தது அது ஒன்றுதான்.

பக்கத்தில் வெந்நீரும் உலர்ந்த துண்டும் இருந்த இடம் முடிதிருத்தும் கடை. பல் கிடுகிடுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்த இயக்குநர், பலகையை நம்பி ஏமாந்த கதையைச் சொன்னார். கணவர் இந்த முறை வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை.

"போர்டுல எழுதினவரு வேற, தண்ணிய அளந்தவ வேற சார். அளந்தவ என் சம்சாரம். பதிவேட்ட ஒருதரம் பாருங்க."

இயக்குநர் துண்டோடு தெருவைக் கடந்து போய்ப் பதிவேட்டைப் புரட்டினார். அன்றைய தேதியிலும் 'கலங்கல்' என்றே இருந்தது. கண்காணிப்பாளருக்கு அதற்குள் வியர்த்திருந்தது.

நீதி தன் வழக்கமான வேகத்தில் வந்தது. கண்காணிப்பாளர் தலைமைப் பயிற்சி மையத்துக்கு மாற்றப்பட்டார். நீர்நிலைகளில் பாதுகாப்பு பற்றி அங்கே வகுப்பெடுக்கிறாராம். உயர் அதிகாரியைத் தகுந்த முறையில் எச்சரிக்காதது ஏன் என்று அக்காவுக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. 'எச்சரித்தேன், இரண்டு முறை' என்று அவர் ஒரே வரியில் பதில் போட்டார். மேற்கொண்டு யாரும் எதுவும் கேட்கவில்லை.

அடுத்த மாதம் இயக்குநரிடமிருந்து ஒரு தூண்டில்கோல் பார்சலில் வந்தது. பதினான்கு வருடத்தில் அக்கா மீன் பிடித்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமை கணவரோடு ஏரிக்குப் போய், வெயில் படும் பக்கம் நின்று மதியம் வரை வீசினார். கணவர் புல்லில் படுத்துத் தூங்கிவிட்டார். கையெட்டும் தூரத்தில் மீன்கள் வந்துவந்து ஈயை முகர்ந்து பார்த்துவிட்டுப் போயின. தோளில் வலி மிச்சம் இருந்தும், வீட்டுக்குப் போக மனம் வரவில்லை.

ஒன்றும் மாட்டவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் அதையே சொன்னார். பதினான்கு வருடம் தண்ணீரை அளந்தவருக்கா மீன் மாட்டாது என்று ஊரில் ஒருவர்கூட நம்பவில்லை.