ஏரிக்கரைக்குப் போன மெஷின்

தாம்பரத்தை ஒட்டிய ஓர் உள்ளாட்சி அலுவலகத்தில் காற்று மாசுக் கட்டுப்பாட்டுத் திட்டத்தை என் தலையில் கட்டினார்கள். ஒரு தண்ணீர் லாரி, ஒரு சாலை பெருக்கும் வண்டி, காற்றை அளக்கும் ஒரு மெஷின், இவற்றோடு நான். அதுதான் மொத்தத் திட்டமும். லாரி பெரும்பாலும் யாராவது பெரிய மனிதர் வரும் பாதையை நனைத்துக்கொண்டிருக்கும். பெருக்கும் வண்டி ஷெட்டை விட்டு வெளியே வந்து நான் அதிகம் பார்த்ததில்லை.

குறைதீர் நாள் தவறாமல் ஒரு டீச்சர் வருவார். பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றவர். ரயில் பாதைக்கு மேற்கே அவர் வீடு. பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய காயலான் கடை. செம்புக்காகப் பழைய ஒயர்களை அங்கே கொளுத்துவார்கள். அவர் கணவருக்கு நுரையீரல் கெட்டிருந்தது. நான் பார்க்கப் போன சாயங்காலம், கணவர் தன் பழைய ஆபீஸைப் பற்றி உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். புகை வந்தது. பாதிப் பேச்சில் நிறுத்தி, மன்னிப்புக் கேட்பதுபோல் கையை உயர்த்திக் காட்டிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். டீச்சர் ஈரத் துண்டை ஜன்னல் இடுக்கில் திணித்தார். பழகிய கை.

மறுநாள் காயலான் கடைக்காரரைப் பார்த்தேன். அந்த இடம் அவர் அப்பா நெல் விளைவித்த நிலம். எனக்கு நாற்காலி போட்டு டீ வரவழைத்தார்.

"இன்னா சார், கம்ப்ளெய்ன்ட் குட்த்தவங்க நேத்து வந்தவங்க. நாங்க இங்கியே பொறந்து வளந்தவங்க. எங்களுக்கு இல்லாத பேஜாரு அவங்களுக்கு மட்டும் இன்னா?"

நோட்டீஸ் கொடுத்தேன். சாயங்காலம் கொளுத்துவதை விட்டுவிட்டு விடியற்காலையில் கொளுத்த ஆரம்பித்தார். கேட்டால், குப்பைக்கு யாரோ நெருப்பு வைத்திருப்பார்கள் என்றார். ஆதாரம் வேண்டும் என்று, அந்தத் தெருவில் இருந்த பள்ளிக்கூடத்து மொட்டைமாடிக்கு மெஷினை மாற்றினேன். அனுமதி வாங்க நாயாய் அலைந்தேன். மெஷின் ஓடத் தொடங்கியதும் எங்கள் அலுவலக வாசலில் காற்றின் தரத்தைக் காட்டும் மின்பலகை சிவப்பானது. போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று செல்போனில் படம் எடுத்தார்கள்.

மேலதிகாரி கூப்பிட்டார். புகையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அந்த இடத்தை யார் தேர்ந்தெடுத்தது என்றுதான் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டுக்கொண்டார்.

"நீங்க சொல்றது கரெக்ட்தான். ஆனா ஒரு தெருவை வெச்சு மொத்த ஊரையும் ஜட்ஜ் பண்ணக் கூடாது இல்ல? மெஷின் பொதுவான இடத்துல இருக்கட்டும்."

அந்தப் பொதுவான இடம் ஏரிக்கரைப் பூங்கா. மரங்களும் காலையில் நடக்க வருகிறவர்களும் இருக்கும் இடம். எழுத்தில் மறுத்தேன். பதில் வரவில்லை, எனக்கு ஒரு பயிற்சி வகுப்புக்கு உத்தரவு வந்தது. முடித்துத் திரும்பியபோது மெஷின் பூங்காவில் இருந்தது, பலகை பச்சையாக இருந்தது. பூங்காவைச் சுற்றித் தினமும் லாரி தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு, காற்றைச் சுத்தமாக்கியதற்காகப் பாராட்டு விழா. மேடையில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். என் மனைவி அந்தப் படத்தை ஸ்டேட்டஸில் வைத்தாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த குறைதீர் நாளில் டீச்சர் மனு எதுவும் இல்லாமல் வந்தார்.

"சார், நம்ம ஏரியாவுல காத்து சுத்தமாயிடுச்சுன்னு பேப்பர்ல போட்டிருந்தாங்க. அப்போ நாங்க ஜன்னலைத் திறந்து வெக்கலாமா?"

குத்திக் காட்டுகிறாரா, உண்மையாகவே கேட்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை.

"வேணாம் டீச்சர். மூடியே வெச்சிருங்க" என்றேன்.

தலையாட்டிவிட்டுப் போனார். அதற்கப்புறம் அவர் வரவேயில்லை.

மழைக்காலம் முடிவதற்குள் அவர் கணவர் இறந்துபோனார். நான் போனபோது சவப்பெட்டியைச் சுற்றி ஜெபம் நடந்துகொண்டிருந்தது. காயலான் கடைக்காரர் பெரிய மாலையோடு வந்திருந்தார். என்னைத் தனியாக அழைத்து, துக்க வீடு என்பதால் இன்றைக்குக் கொளுத்த வேண்டாம் என்று ஆட்களிடம் சொல்லியிருப்பதாகச் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். அந்த முற்றத்தில் புகைநாற்றம் இல்லாமல் நான் மூச்சுவிட்டது அன்றைக்குத்தான். ஒரு வார்த்தை சொன்னால் நின்றுவிடுகிற நெருப்புக்காகத்தான் நான் இத்தனை காலம் நோட்டீஸ் அடித்துக்கொண்டிருந்தேன். அந்த மனிதரைக் கட்டிப்பிடிப்பதா, சட்டையைப் பிடிப்பதா என்று தெரியாமல் நின்றேன்.

டீச்சர் வீட்டை விற்றுவிட்டு கீழ்க்கட்டளையில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். புகைக்குப் பயந்து வேறு யாரும் வாங்க வராததால் காயலான் கடைக்காரரே வாங்கினார். நடுச்சுவரை இடித்துவிட்டார்கள். டீச்சரின் கணவர் படுத்திருந்த அறையில் இப்போது ஒயர் குவிந்து கிடக்கிறது.

மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தேன். திட்டத்தை இவ்வளவு நன்றாக நடத்துகிறவரை எப்படி விடுவது என்று மேலதிகாரி சிரித்தார்.