இரு தரப்புக்கும் வேண்டாதவன்

கடத்தூர்ச் சந்தையில் அப்பா மாதையன் புளி விற்கிறார். பக்கத்தில் நிற்கும் மகன் சென்றாயன், வாங்க வந்த வியாபாரிக்காகப் பேசுகிறான். "அவரு சொல்றதும் நாயந்தானுங்கப்பா. கொட்டை ஜாஸ்தியாத்தான் இருக்குது."

"நீ எந்தக் கட்சிடா?" என்கிறார் மாதையன். வியாபாரி சிரிக்கிறார். அதற்குள் சென்றாயன் அப்பா பக்கம் வந்துவிடுகிறான். "ஆனா மழ இல்லாத வருசங்க. இது வெளஞ்சதே பெருசு."

பத்தொன்பது வயது, ஒல்லி, நல்லம்பள்ளிக்காரன். பேசும்போது இடது காதைப் பிடித்துக்கொள்வான். எதிராளியின் வாதத்தை எதிராளியைவிட நன்றாகச் சொல்லிவிட்டுத்தான் தன்னுடையதைத் தொடங்குவான். களியில் உப்பு இல்லை என்பான். இல்லாவிட்டால்தான் என்ன என்றும் அவனே கேட்பான். "பேசாம தின்னு சாமி" என்பாள் அம்மா.

இந்தக் குணத்துக்காகத்தான் கல்லூரியில் அவனை மாணவர் சங்கச் செயலாளராக்கினார்கள். நாற்பத்திரண்டு ஆகஸ்டில், வகுப்புகளைப் புறக்கணிப்பது பற்றிச் சங்கம் கூடியது. புறக்கணிக்க வேண்டும் என்று முதலில் பேசியவன் சென்றாயன். வேண்டாம் என்று சொல்ல சவுரியப்பன் எழுந்தான். அவன் அண்ணன் பட்டாளத்தில் இருந்தான். "எறங்குடா, வெள்ளக்காரன் எச்சில!" செருப்புகள் பறந்தன. சென்றாயன் அவனுக்கு முன்னால் போய் நின்றான். ஒரு செருப்பு நெற்றியில் பட்டது. சவுரியப்பன் பேசி முடிக்கும்வரை நகரவில்லை.

கூட்டம் கூட்டிய குற்றத்துக்கு முதல்வர் அவனைக் கல்லூரியை விட்டு நீக்கினார். துரோகியைப் பேசவிட்ட குற்றத்துக்கு மாணவர்கள் சங்கத்தை விட்டு நீக்கினார்கள். வாய் திறக்கும் உரிமைக்காகத் தொண்டை கிழியக் கத்திய அதே மாணவர்கள்! ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத இரு கூட்டமும் இந்த ஒரு காரியத்தில் கைகோத்துக்கொண்டன. வெட்கம் யாருக்கும் இல்லை.

தை பிறந்ததும் முதல்வர் கொஞ்சம் இறங்கி வந்தார்: மாணவர்கள் ஒப்பினால் திரும்பி வரலாம், பரீட்சை எழுதலாம். என்ன வீரம்! புதிய செயலாளர் தர்மன் வீடு தேடி வந்தான்.

"எல்லார் முன்னாடியும் 'அவனப் பேச வுட்டது தப்பு'ன்னு ஒரு வார்த்த சொல்லிடு. அவ்வளவுதான்டா."

"நானும் ஸ்ட்ரைக்கு வேணும்னுதானே சொன்னேன்?"

"நீ சொன்னது சரி. அவன் சொல்றது எதுக்குடா எங்க காதுல வுழணும்?"

"சொல்லிட்டு வாயேன்டா" என்றார் மாதையன். "நாக்கு என்னா தேஞ்சா போயிடும்? ஒரு வருசப் படிப்புடா."

சென்றாயன் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். பிறகு, அவன் கல்லூரிக்குத் திரும்புவதற்காக அம்மா கட்டி வைத்திருந்த தகரப்பெட்டியைத் திறந்து, வேட்டிகளை ஒவ்வொன்றாக உதறிக் கொடியில் போடத் தொடங்கினான்.