தங்கையன் அடுப்புல வந்த புகை

உறையூர்ல டிபன் கடை வச்சிருக்கிற தங்கையனுக்கு மாவு புளிக்கலேன்னாலும் ஆளு மேலதான் சந்தேகம் வரும். மழை பெஞ்சு யாவாரம் படுத்தாக்கூட, எதிர்க் கடை பீமராவை ஒரு முறை முறைச்சுட்டுத்தான் குடையை விரிப்பாரு. அப்பேர்ப்பட்ட மனுசன் கடையில, ஆயுத பூஜைக்கு மறுநாள் அடுப்பு புகைஞ்சா சும்மா விடுவாரா?

அது பெல்லட் அடுப்பு. மரத்தூளை அழுத்திச் செஞ்ச குச்சியைக் கொட்டி ஃபேனைப் போட்டா, கேஸ் மாதிரி குபுகுபுன்னு எரியும். புகையே வராதுன்னு சத்தியம் பண்ணித்தான் மாடியில இருக்கிற வீட்டுக்காரர் சுப்புராமன்கிட்ட கடையைப் பிடிச்சிருந்தாரு. பூஜைக்குன்னு தங்கையனே அதைக் கழட்டித் தேய்ச்சு, சந்தனம் குங்குமம் வச்சு, மாப்பிள்ளை கணக்கா நிறுத்தி வச்சாரு.

காலையில மூட்டுனா, கடை பூரா புகை. இட்லிக்கு வந்தவங்க கண்ணைக் கசக்கிக்கிட்டே எதிர்க் கடைக்குப் போனாங்க. மாடியிலேர்ந்து சுப்புராமன் இருமிக்கிட்டே இறங்குனாரு.

"ஆத்துக்காரிக்கு ஏற்கெனவே வீசிங். நாளைக்கும் இப்படிப் புகைஞ்சா கடையைக் காலி பண்ணிடுங்கோ தங்கையன், சொல்லிட்டேன்."

அவரு படியேறுனதும் தங்கையன் பொண்டாட்டி ஜோதி காதுல குசுகுசுன்னாரு. "பீமராவ் வேலைடி. நேத்து பூஜைக்கு வந்தவன் அடுப்புக்கிட்ட குனிஞ்சு என்னமோ பண்ணுனான்."

"பொரி சிந்துச்சு, பொறுக்குனாரு."

"பொரி பொறுக்க அவ்ளோ நேரமா?"

"நீங்க வாங்குன பொரியில பாதி கல்லு. பொறுக்கித்தான் திங்கணும்."

தங்கையன் ஃபேனைப் பாத்தாரு, சுத்துது. புகைக் குழாயைத் தட்டுனாரு, அடைப்பு இல்ல. குழாய் மூட்டுக்கெல்லாம் களிமண்ணை அப்புனாரு. புகை அசரல.

"எங்கயோ ஓட்டை போட்டுட்டான்."

ஜோதி தீயை அணைய விட்டு, ஃபேனை மட்டும் ஓட விட்டா. பூஜையில மிச்சமான ஊதுபத்தியைக் கொளுத்தி அடுப்பைச் சுத்திக் காட்டுனா.

"இப்ப எதுக்குடி தீபாராதனை?"

"செத்த வாயை மூடுங்க."

குழாய்கிட்ட ஊதுபத்திப் புகை நேரா மேல போச்சு. சாம்பல் அள்ளுற கதவுகிட்ட போனதும் புஸ்ஸுன்னு வெளிய தள்ளிச்சு. கதவைத் திறந்தா, ஓரத்துல சுத்திவர ஒரு பள்ளம், வெறுமனே கெடக்கு.

"புகை கசியாம இருக்க இதுல கருப்பா, தடியா ஒரு கயிறு பதிச்சிருக்குமே, எங்க?"

தங்கையன் முழிச்சாரு. "அது போன வருசம் பூஜையில கட்டுன கயிறுன்னு நெனச்சேன். அதான் கைப்பிடியில புதுசா மஞ்சக் கயிறு கட்டியிருக்கேனே."

"அதை என்ன பண்ணுனீங்க?"

"பழைய மாலையோட அம்மா மண்டபத்துக்குக் கொண்டுபோயி காவிரியில விட்டுட்டேன்."

"கும்பிட்டு விட்டீங்களா?"

"பின்ன?"

அடுப்பு விக்கிற கம்பெனிக்குப் போன் போட்டா, பூஜை லீவு. பீமராவும் முன்னாடி பெல்லட் அடுப்பு வச்சிருந்தவருதான். ஜோதி நேரா அவருகிட்ட போய் நின்னா. அவரு பழைய சாமான் மூட்டையைத் துழாவி, தீ தாங்குற கயிறு ஒரு சுருள் எடுத்துட்டு வந்து, தானே உக்காந்து பள்ளத்துல பதிச்சு, மிச்சத்தை வெட்டிப் பையில போட்டுக்கிட்டாரு. கதவிடுக்குல பேப்பரை வச்சுச் சாத்தி இழுத்தாரு. வரல.

"கதவு நல்லா கவ்வுது. கொளுத்துங்கண்ணே."

மறுநாள் காலையில அடுப்பு எரிஞ்சுது, புகை இல்ல. சுப்புராமன் பாதிப் படியில நின்னு மோந்து பாத்துட்டு, "ஆத்துக்காரிக்கு ரெண்டு இட்லி கட்டுங்கோ"ன்னாரு. கடை தப்பிச்சுது.

"பீமராவண்ணனுக்கும் ஒரு பொட்டலம் குடுத்துட்டு வாங்க"ன்னா ஜோதி.

தங்கையன் பொட்டலத்தைக் கட்டிக்கிட்டே எதிர்க் கடையை ஓரக்கண்ணால பாத்தாரு.

"அதெல்லாம் சரி ஜோதி. நம்ம கதவுக்குன்னே அளவெடுத்த மாதிரி அவன்கிட்ட எப்படிக் கயிறு இருந்துச்சு?"

"மிச்சத்தை வெட்டுனாரே, பாக்கலையா?"

"பாத்தேன். மிச்சத்தை எதுக்குப் பையில போட்டான்?"

ஜோதி பொட்டலத்தைப் பிடுங்கிக்கிட்டு, தானே ரோட்டைத் தாண்டுனா.