நான்காவது கோடு

பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்குச் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. சைக்கிள் அணியில் எல்லோருக்கும் அவர் ‘ரெண்டுதடவை’. எதையும் இரண்டு தடவை பார்க்காமல் விடமாட்டார். வீட்டைப் பூட்டினால் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். கல்யாணத்துக்குச் சம்மதமா என்பதைக்கூட இரண்டு தடவை கேட்டவர். முதல் தடவை சொன்ன பதிலை இரண்டாம் தடவை மாற்றியிருக்கலாம் என்பது அவர் மனைவியின் இன்றைய கருத்து.

பிறவியிலேயே வந்த குணம் இல்லை அது. இருபது வயதில் அவர் கடைத்தெருவில் ஒரு சைக்கிள் கடை வைத்திருந்தார். பஞ்சர் ஒட்டுவது, செயின் மாற்றுவது, பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிளுக்குக் காற்றடிப்பது. ஒருநாள் பால்காரர் ஒருவரின் முன்சக்கரத்தை மாட்டிவிட்டு, நட்டை முறுக்கினோமா இல்லையா என்று யோசிக்காமல் அனுப்பிவிட்டார். முழுப் பல்லோடு போன பால்காரர் இரண்டு பல் குறைவாகத் திரும்பி வந்தார். திட்டக்கூட இல்லை, திட்டுவதற்கு வாய் ஒத்துழைக்கவில்லை. அன்றிலிருந்துதான் எல்லாம் இரண்டு தடவை.

கோடு போடும் பழக்கம் மனைவி கொடுத்தது. அந்த அம்மாள் ஆஸ்பத்திரி வார்டில் முப்பது வருஷம் நர்ஸாக இருப்பவள். நோயாளிக்கு மாத்திரை கொடுத்த கையோடு அட்டவணையில் ஒரு கோடு கிழிக்க வேண்டும் என்பது வார்டு வழக்கம்.

“அவசரத்துல மனசு ‘குடுத்தாச்சு’ன்னு சொல்லும். கை குடுத்திருக்காது. மனச நம்பாதீங்க, கோட்ட நம்புங்க” என்றாள்.

அவரும் ஒரு வெள்ளைப் பெயின்ட் பேனா வாங்கிக்கொண்டார். நட்டை முறுக்கியதும் அதன் முகத்தில் ஒரு கோடு. கடையை விட்டு நாட்டு அணிக்கு மெக்கானிக்காக வந்து பதினாறு வருஷம் ஆன பிறகும் அந்தப் பேனா சட்டைப் பையில் இருந்தது. ஊரில் உலகப் போட்டி நடந்த அன்றும் இருந்தது.

அன்றைய போட்டி ஆண்களுக்கானது. ஒரே நாளில் நான்கு பந்தயம். முதலாவதில் யார் முன்னால் எல்லையைத் தொடுகிறாரோ அவர் வெற்றி. இரண்டாவதில் ஒவ்வொரு சுற்றிலும் முந்தி வருபவருக்குப் புள்ளி. மூன்றாவதில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை கடைசியாக வருபவர் ஓரமாகப் போய் உட்காரலாம். நான்காவது நூறு சுற்று. பத்துச் சுற்றுக்கு ஒருமுறை புள்ளி. எல்லாப் புள்ளியையும் கூட்டித்தான் பதக்கம். மரப்பலகைப் பாதை வளைவுகளில் சுவர் மாதிரி எழுந்து நிற்கும். அதன் மேல் விளிம்பில், பார்வையாளர்களை ஒட்டி ஒரு கம்பி; பந்தயம் தொடங்கும்வரை பாதி வீரர்கள் அதைப் பிடித்து நிற்பார்கள். சைக்கிளுக்குப் பிரேக் கிடையாது. பின்சக்கரம் இரண்டே இரண்டு நட்டுகளை நம்பி ஓடுகிறது, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று.

ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன்னால் பல்சக்கரம் மாற்றுவார்கள். மாற்றினால் செயினை இழுத்துக் கட்டப் பின்சக்கரத்தை நகர்த்த வேண்டும். நகர்த்த வேண்டுமென்றால் இரண்டு நட்டையும் தளர்த்த வேண்டும். அதனால் ரெண்டுதடவை ஒரு கணக்கு வைத்திருந்தார்: முதல் பந்தயத்துக்கு ஒரு கோடு, இரண்டாவதுக்கு இரண்டு, அப்படியே நான்கு வரை.

அவர் அணி வீரனுக்குக் கால் நீளம். ‘கொக்கு’ என்றால்தான் திரும்பிப் பார்ப்பான். போன வருஷம் விழுந்து தோள் எலும்பை ஒடித்துக்கொண்டு, ஐந்து மாதம் சட்டையை அம்மா மாட்டிவிட, தேறி வந்தவன். மூன்று பந்தயம் முடிந்தபோது மூன்றாம் இடத்தில் இருந்தான்.

இடைவேளையில் மனைவி போன் செய்தாள்.

“முன்வரிசைன்னு சொல்லி டிக்கெட் குடுத்தீங்களே, என்னத்தப் பாக்கறது? ஒவ்வொரு பந்தயம் ஆரம்பிக்கும்போதும் பாதிப் பேரு வந்து என் மூஞ்சிக்கு நேரா கம்பியப் புடிச்சுட்டு நிக்கறாங்க. கொக்கோட முதுகுல இருக்கற நம்பர் எனக்கு மனப்பாடம் ஆயிடுச்சு.”

“அது நல்ல இடம்டீ.”

“முதுகு பாக்கறவங்களுக்கு நல்ல இடந்தான்.”

போனை வைத்துவிட்டு அவர் வேலையில் இறங்கினார். நூறு சுற்றுக்குக் கால் தாங்க வேண்டும் என்று பயிற்சியாளர் சின்னப் பல்சக்கரம் கேட்டிருந்தார். மாற்றி, செயினை இழுத்து, இடப்பக்க நட்டை முறுக்கி, கோடு போட்டு நிமிர்ந்தால் எதிரில் பக்கத்து அணியின் மெக்கானிக் நிற்கிறார். வேற்று நாட்டுக்காரர், இவர் பாஷை அவருக்குத் தெரியாது, அவர் பாஷை இவருக்கு. மெக்கானிக்குகளுக்குப் பாஷை எதற்கு? அவர் தன் வீரனின் வளைந்துபோன சைக்கிளைக் காட்டினார், ஸ்பேனரைக் காட்டினார், நெஞ்சில் கை வைத்தார். இவர் ஸ்பேனரைக் கொடுத்தார். அதற்குள் பயிற்சியாளர் வந்து “கூப்பிட்டுட்டாங்கய்யா” என்று சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்விட்டார். இரண்டாம் தடவை பார்க்க நேரமில்லை.

கொக்கு மேலே ஏறிப் போய்க் கம்பியைப் பிடித்து நின்றான். அந்த நேரம் பார்த்து வேற்று நாட்டுக்காரர் சிரித்த முகத்தோடு ஸ்பேனரைத் திருப்பிக் கொண்டுவந்து இவர் கையில் வைத்தார்.

ரெண்டுதடவை கையிலிருந்த ஸ்பேனரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஸ்பேனர் அவரிடம் போயிருந்தால் வலப்பக்க நட்டை நான் எதைக் கொண்டு முறுக்கினேன்? பெட்டியில் இன்னொரு ஸ்பேனர் உண்டு. அதை எடுத்தேனா? எடுத்த மாதிரியும் இருந்தது, எடுக்காத மாதிரியும் இருந்தது. விரலால் திருகி விட்ட நட்டு பார்வைக்கு இறுக்கமாகத்தான் இருக்கும். நூறு சுற்றில் எங்காவது கொக்கு எழுந்து நின்று மிதிக்கும்போது சக்கரம் கோணிக்கொள்ளும். அவனுக்குப் பின்னால் இருபது பேர் பிரேக் இல்லாமல் வருவார்கள்.

மைதானத்தின் நடுவில் நின்ற அவருக்குச் சைக்கிளின் இடப்பக்கம் மட்டுமே தெரிந்தது. வலப்பக்கம் கம்பியைப் பார்த்தபடி, பார்வையாளர்களைப் பார்த்தபடி நின்றது. அவர் போனை எடுத்தார்.

“இப்பத்தானே வெச்சீங்க?” என்றாள் மனைவி.

“கேள்வி கேக்காத. கொக்கு உன் முன்னாடி நிக்கறானா?”

“முதுகோட நிக்கறான்.”

“குனிஞ்சு அவன் பின்சக்கரத்து நடுவுல பாரு. நட்டு மேல வெள்ளக் கோடு எத்தனை?”

அவள் ஏன் என்று கேட்கவில்லை. வார்டில் பழகியவளுக்கு எந்தக் குரலுக்குக் கேள்வி கேட்கக் கூடாது என்று தெரியும். போனில் கண்ணாடிக்கூட்டைத் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு காவலாளியின் குரல்.

“அம்மா, கம்பிக்கு மேல சாயாதீங்க!”

“சாயலப்பா, எண்ணறேன்.”

கொக்கு திரும்பிப் பார்த்து “என்ன அக்கா?” என்றான்.

“ஒண்ணுமில்ல, நீ ஆடாம நில்லு.” பிறகு போனில், “மூணு.”

“நல்லாப் பாரு. நாலு இல்லையா?”

“மூணுதாங்க. ரெண்டு தடவை எண்ணிட்டேன்.”

அவர் நடுவரை நோக்கி ஓடினார். ஐம்பத்து நான்கு வயசு முழங்கால். ஓட்டம் என்று சொல்வது மரியாதைக்குத்தான். பயிற்சியாளர் குறுக்கே வந்து கையைப் பிடித்தார்.

“என்னய்யா பண்ற? இப்ப அவன இறக்கினா காலு ஆறிப்போயிடும். பதக்கம் கையில இருக்கு!”

“நட்டு லூசா இருக்குங்க.”

“யாரு சொன்னா?”

“என் சம்சாரம்.”

“உன் சம்சாரம் தப்பா எண்ணியிருந்தா?”

“முப்பது வருஷமா மாத்திரை எண்ணறவங்க. தப்பு என்னுது. நான்தான் முறுக்காம விட்டுட்டேன்.”

பயிற்சியாளர் கையை விட்டார். ரெண்டுதடவை நடுவரிடம் போய் ஸ்பேனரையும் கொக்கின் சைக்கிளையும் காட்டினார். நடுவர் துப்பாக்கியைத் தாழ்த்தி ஐந்து விரல் காட்டினார்: ஐந்து நிமிடம். வராவிட்டால் அவன் இல்லாமல் தொடங்கும்.

கொக்கு இறங்கி வந்தான். ரெண்டுதடவை மண்டியிட்டு வலப்பக்க நட்டில் ஸ்பேனரை வைத்தார். எதிர்ப்பே இல்லை. முக்கால் சுற்று போன பிறகுதான் பிடித்தது. பயிற்சியாளர் அந்த முக்கால் சுற்றையும் பார்த்தார். முகத்தில் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. ரெண்டுதடவை முறுக்கினார், மறுபடியும் முறுக்கினார், நான்காவது கோட்டைப் போட்டார். அவசரத்தில் அது கொஞ்சம் வளைந்தது.

“அண்ணே, போகலாமா?” என்றான் கொக்கு.

“போடா.”

அறுபத்து மூன்றாம் சுற்றில் கொக்குக்கு முன்னால் இரண்டு பேர் மோதி விழுந்தார்கள். அவன் எழுந்து நின்று, மொத்த எடையையும் போட்டு மிதித்து, சுவரின் உச்சிக்கு ஏறித் தப்பினான். ரெண்டுதடவை கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது கொக்கு அடுத்த வளைவில் போய்க்கொண்டிருந்தான். விழுந்த இருவரில் ஒருவன் எழுந்து நொண்டினான், மற்றவனுக்கு முழங்கை முழுக்கச் சிராய்ப்பு. பெரிய காயம் ஒன்றுமில்லை.

கூட்டிக் கழித்துப் பார்த்ததில் கொக்குக்கு ஐந்தாம் இடம். பதக்கம் இல்லை. தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, நீளமான இரண்டு காலையும் நீட்டி, “பசிக்குது” என்றான். ரெண்டுதடவை அன்று கேட்டதிலேயே நல்ல வார்த்தை அதுதான். ஒரு பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்.

“மன்னிச்சுக்கோடா. என் கவனக்குறைவு.”

“விடுங்கண்ணே. எங்கம்மாவுக்குப் பட்டன் போட்டு விடற வேலை மிச்சம்.”

பயிற்சியாளர் அறிக்கையில் நடந்ததை நடந்தபடி எழுதினார். கடைசியில், மெக்கானிக் தானே முன்வந்து சொன்னார் என்றும் ஒரு வரி சேர்த்தார். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

வீட்டில் மனைவி ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“முறுக்கும்போது யாரு வந்து பேசினா?”

சொன்னார்.

“அதானே. மருந்து கையில இருக்கும்போது பெரிய டாக்டரே கூப்பிட்டாலும் நாங்க திரும்ப மாட்டோம். இடுப்புல செவப்புப் பட்டை கட்டியிருப்போம். அது இருந்தா யாரும் பேசக் கூடாது. நாளைக்கு நீங்களும் கட்டிட்டுப் போங்க.”

“சிரிப்பாங்கடீ.”

“சிரிக்கட்டும். சிரிக்கறவனுக்குப் பல்லு இருக்கணும்ல.”

பால்காரரின் நினைவு வந்து இருவருமே சிரித்துவிட்டார்கள். அன்று அவர் எழுந்து போய்ப் பூட்டை இழுத்துப் பார்க்காமலே தூங்கிப்போனார். மனைவி போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

மறுநாள் வேறொரு பந்தயம். ரெண்டுதடவை இடுப்பில் பழைய சிவப்புச் சேலைத்துண்டோடு உட்கார்ந்து நட்டை முறுக்கிக்கொண்டிருந்தார். வேற்று நாட்டுக்காரர் வந்தார். துண்டைப் பார்த்தார், ஏதோ புரிந்தது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வரிசையில் நிற்பவர் போல ஒதுங்கி நின்றார். இவர் இடப்பக்கம் முறுக்கிக் கோடு போட்டு, சுற்றி வந்து வலப்பக்கம் முறுக்கிக் கோடு போட்டு, துண்டை அவிழ்த்த பிறகுதான் நிமிர்ந்து, என்ன வேண்டும் என்று புருவத்தை உயர்த்தினார்.

அதே ஸ்பேனர்தான்.

கொடுத்தார். கொடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் குனிந்து இன்னொரு தடவை எண்ணினார். பெயருக்கு ஒரு மரியாதை வேண்டாமா?