கம்பளி போர்த்திய ஐஸ் பெட்டி

எங்கள் வீட்டுக்கு ஐஸ் பெட்டி வந்த அன்று, உயிரோடு இருந்த தாத்தாவுக்கு மாலை வந்துவிட்டது. ஊர்க்காரர்களைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் மலைக்கிராமமான கூக்காலில் அதுவரை அத்தனை நீளமாக ஒரு பெட்டி வேனிலிருந்து இறங்கியது என்றால், அது இறந்தவர்களைக் கிடத்த வாடகைக்கு எடுத்து வந்ததாகத்தான் இருக்கும். அதிலும் தாத்தாவுக்கு ஒரு மாதமாக இருமல். பெண்கள் நாலைந்து பேர் கூந்தலை அவிழ்த்துவிட்டுக்கொண்டு வாசல்வரை வந்தார்கள். அங்கே தாத்தா வெயிலில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். மாலை கொண்டுவந்தவர் அதை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தார். தாத்தா அவர்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "வந்தது வந்துட்டீங்க, காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்றார்.

பெட்டி கொடைக்கானலில் ஒரு ஐஸ்கிரீம் கடையில் இருந்தது. கடையை மூடியபோது அப்பா இரண்டு மூட்டைப் பூண்டைக் கொடுத்து அதை வாங்கி வந்தார். மூடியை மேல்பக்கமாகத் தூக்கித் திறக்க வேண்டும். பக்கவாட்டில் பாதி உரிந்துபோன ஐஸ்கிரீம் படம். இந்தக் குளிரில் ஐஸ் பெட்டி எதற்கு என்று ஊரே சிரித்தது. அம்மா இருபது நாள் திண்டுக்கல்லில் மாமா வீட்டில் இருந்துவிட்டு வரப்போகிறாள், அதுவரை நமக்குச் சாப்பாடு வேண்டும் என்று மட்டும்தான் என்னிடம் சொல்லியிருந்தார்கள். அம்மாவுக்கு வயிற்றில் கட்டி, மதுரையில் ஆபரேஷன், டாக்டர் நாள் குறித்துக் கொடுத்துவிட்டார் என்பதெல்லாம் பெரியவர்களுக்குள்ளேயே இருந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது, தம்பிக்கு ஐந்து.

அப்பாவுக்குச் சமையலில் தெரிந்தது வெந்நீர் போடுவது ஒன்றுதான். அதிலும் புகை வாடை அடிக்கும். பக்கத்து வீடுகளில் ஆளுக்கு ஒரு நாள் சோறு கொடுக்க மாட்டார்களா என்று அவர் மெல்லக் கேட்டுப் பார்த்தார். "எம் பிள்ளைக அடுத்த வீட்டு வாசல்ல தட்டோட நிக்கக் கூடாது" என்று அம்மா முடித்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் அப்பா பெட்டியைத் தேடிப் போனார்.

பெட்டி வந்தபின் ஒரு மாதம் எங்கள் வீடு கல்யாண வீடாகக் கிடந்தது. டீக்கடையில் கழித்துப்போட்ட பால் கவர்களை அம்மா கேட்டு வாங்கி வந்து, வெந்நீரில் அலசி, துணிக்கொடியில் காயப்போடுவாள். கொடி முழுக்கப் பால் கவர் ஆடுவதைப் பார்த்து ஊர் இன்னொரு தரம் சிரித்தது. அம்மா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. தோட்டத்தில் பட்டாணி அள்ளிக்கொடுத்த நேரம். பட்டாணிக் குருமா, பூண்டுக் குழம்பு, கேரட் சாம்பார், ஞாயிற்றுக்கிழமைக்குக் கோழிக் குழம்பு என்று வைத்து, ஆறவிட்டு, அளந்து கவரில் ஊற்றி, வாயை மடித்து மெழுகுவர்த்திச் சுடரில் காட்டி ஒட்டுவாள். ஒரு சொட்டு ஒழுகாது.

கவர் மேல் பெயர் எழுதுவது என் சோலி. வீட்டில் என் கையெழுத்துதான் முத்து முத்தாக இருக்கும். அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். 'முதல் நாள், பட்டாணிக் குருமா.' 'எட்டாம் நாள், தாத்தாவுக்கு, காரம் இல்லை.' 'பன்னிரண்டாம் நாள், தம்பி அழுதால்.' அந்தக் கவரில் பருப்புப் பாயசம் இருந்தது. பெட்டி நிறைந்தபின் தினம் ஒரு தரமாவது மூடியைத் தூக்கி உள்ளே பார்ப்பேன். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. அடுத்த மாதத்துச் சாப்பாட்டை இந்த மாதமே ஆக்கிவைத்த வீடு எங்கள் ஊரில் வேறு எது?

அம்மா கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது புயல் வந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் கரண்ட் போனது. மறுநாள் வெள்ளனே எழுந்து பார்த்தால் ரோட்டில் மரம் மரமாகச் சாய்ந்து கிடந்தது. ஒரு வளைவில் மண் சரிந்து ரோடே இல்லை. முந்தின நாள் வந்த பஸ் திரும்பிப் போக வழியில்லாமல் ஊருக்குள்ளேயே நின்றுவிட்டது. அதில் வந்தவர்களும், எங்கள் ஊர் ஏரியைப் பார்க்க வேனில் வந்த வெளியூர்க்காரர்களும் பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள்.

அம்மா முதல் காரியமாக வீட்டிலிருந்த அத்தனை கம்பளிகளையும் எடுத்து ஐஸ் பெட்டிக்குப் போர்த்தினாள். தாத்தா மேல் கிடந்ததையும் உருவினாள். அவருக்கு வந்ததே கோபம். குளிர்வது எனக்கு, கம்பளி அதுக்கா என்று கேட்டார். "அது குளுராவே கெடக்கணும்னுதான் மாமா" என்றாள் அம்மா. தாத்தா இதை நெடுநேரம் யோசித்துவிட்டு, சட்டைக்கு மேல் சட்டையாக மூன்று சட்டை போட்டுக்கொண்டார். மூடியைத் திறக்காத வரைக்கும் உள்ளே ஒன்றும் ஆகாது, தொட்டால் கை இருக்காது என்று எனக்கும் தம்பிக்கும் உத்தரவு. நாங்கள் ரசமும் ஊறுகாயும் தின்றுகொண்டு பெட்டிக்குக் காவல் இருந்தோம்.

சனிக்கிழமை காலையில் பள்ளிக்கூடத்துக்கு வேடிக்கை பார்க்கப் போனேன். ஊர்க்காரர்கள் முடிந்ததைக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கொடைக்கானல் சந்தைக்குப் போய்த்தான் நாங்கள் வாரச் சாமான் வாங்குவோம். அதனால் எல்லா வீட்டிலும் டப்பா அடி தெரிந்துவிட்டது. விறகும் நனைந்துபோனது. அங்கே அன்றைக்கு வெறும் கஞ்சி. இடுப்பில் குழந்தையோடு இருந்த ஒரு அக்கா, உங்க வீட்ல என்ன சாப்பாடு என்று என்னைச் சும்மா கேட்டார். ரசம் என்று சொல்லிவிட்டு நான் வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். இந்த வாய் இருக்கிறதே! எங்கள் பெட்டியில் இருபது நாளைக்குச் சாப்பாடு இருக்கிறது என்று ஆரம்பித்து, முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரைக்கும் ஒப்பித்தேன். பசித்து உட்கார்ந்திருந்தவர்கள் முன்னால் கோழிக் குழம்பை இரண்டு தரம் சொன்னேன்.

மதியம் பஸ் கண்டக்டரும் அந்த அக்காவும் எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். அக்கா கையில் ஒரு வெறும் பாத்திரம். காசு கொடுத்துவிடுகிறோம், பிள்ளைகளுக்கு மட்டும் கொஞ்சம் கிடைத்தால் போதும் என்றார் கண்டக்டர். அக்கா எங்கள் முகத்தையே பார்க்கவில்லை, பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்பா அவளை அடுப்படிக்குக் கூட்டிப் போனார். "எதுக்கு ஆக்கி வச்சோம்னு மறந்துருச்சா? அடுத்த வாரம் போய்ப் படுக்கணும்ல நீ" என்று அவர் அடித்தொண்டையில் சொன்னது எனக்குக் கேட்டது. மாமா வீட்டில் போய்ப் படுப்பதற்கு இவ்வளவு பேச்சா என்று நினைத்துக்கொண்டேன். அம்மா சொன்ன பதில் காதில் விழவில்லை.

வெளியே வந்தவள் நேராகப் பெட்டியிடம் போய்க் கம்பளிகளை உருவிப் போட்டாள். மூடியைத் தூக்கி உள்ளே கைவிட்டாள். "எல்லாம் உருகிப்போச்சுங்க" என்றாள், வாசல்வரை நன்றாகக் கேட்கிற மாதிரி. "நல்லவேளை வந்தீங்க. சாயங்காலத்துக்குள்ள தின்னு தீக்காட்டி எருக்குழியிலதான் கொட்டணும். எல்லாரையும் வெரசா வரச் சொல்லுங்க, எனக்கு ஒத்தாசையாப் போகும்."

கண்டக்டர் ஆட்களைக் கூப்பிட ஓடினார். கவர்களை எடுத்து அண்டாவில் போடச் சொல்லி அம்மா என்னை ஏவினாள். இரண்டு கையாலும் அள்ளினேன், விரல் மரத்துப்போனது. அண்டாவில் விழுந்த கவர் டங்கென்று சத்தம் போட்டது. "இல்லம்மா, கல்லாட்டம் கெடக்கு" என்றேன். அம்மா என் இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளினாள்.

"உனக்குத் தெரியாது. உருகிருச்சு."

அப்பா பூண்டு காயப்போடும் அறையிலிருந்து காய்ந்த விறகைக் கொண்டுவந்து போட்டார். அந்த அக்கா கவர் வெட்ட உட்கார்ந்தார். ஒரு கவரைப் புரட்டி 'தம்பி அழுதால்' என்று வாய்விட்டு வாசித்துவிட்டு, இதெல்லாம் எதற்காக எழுதி வைத்தது என்று அம்மாவிடம் கேட்டார். பிள்ளை எழுதிப் பழகுது என்றாள் அம்மா. அக்கா அம்மாவையே பார்த்தபடி கவரைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். அவர் குழந்தை அழுதுகொண்டிருந்தது. அம்மா அந்தக் கவரை வாங்கிச் சூடுபண்ணி முதலில் அதற்குத்தான் கொடுத்தாள்.

அன்றைக்கு எங்கள் வாசலில் சாப்பிடாத ஆள் இல்லை. பஸ்காரர்கள், வேன்காரர்கள், பால் கவரைப் பார்த்துச் சிரித்தவர்கள், எல்லோரும் வந்தார்கள். மாலை கொண்டுவந்தவரைத் தாத்தா பக்கத்தில் உட்காரவைத்து, நல்லா ஊத்திக்கங்க என்று உபசரித்தார். இது எங்க அம்மா வச்ச குழம்பு, பேர் எழுதினது நான் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். என் கால் தரையில் படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கரண்ட் வந்தது. காலிப் பெட்டி உர்ரென்று ஓட ஆரம்பித்தது. அப்பா அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் தோட்டத்துக்குப் போனார். மாமா வீட்டுப் பயணம் ஒரு மாதம் தள்ளிப்போனது. அம்மா வயிற்றைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு மறுபடியும் பட்டாணி உரித்தாள், மறுபடியும் கவர் கழுவினாள். இருபது நாளையும் திரும்ப எழுத வேண்டியிருக்கிறதே என்று நான் முணுமுணுத்தேன். அம்மா போனாள், நாங்கள் ஒரு நாளும் தப்பாமல் கவர் பிரித்துச் சாப்பிட்டோம், அவள் மெலிந்து ஆனால் நல்லபடியாகத் திரும்பி வந்தாள். அந்தப் பெட்டி இன்றைக்கும் எங்கள் வீட்டில் ஓடுகிறது.

புயலுக்குப் பிறகு பள்ளிக்கூடம் திறந்த அன்றே டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பால் கவர், கம்பளி, அண்டா, யார் எத்தனை தரம் கேட்டு வாங்கினார்கள் என்பது வரைக்கும். டீச்சர், உங்க அம்மா கெட்டிக்காரி என்றார். ஒன்றை மட்டும் நான் சொல்லவில்லை. அவ்வளவு கெட்டிக்காரிக்கு, உருகின குழம்புக்கும் உருகாத குழம்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அது வெளியே போனால் ஊர் மறுபடியும் சிரிக்குமே என்று, அம்மாவின் மானத்தைக் காப்பாற்ற நான் அதை யாரிடமும் மூச்சுவிடவில்லை.