ஹண்ணு சென்ட்

சென்ட் பூசிக்கொண்டு வேலைக்கு வந்தாள் என்று ஒருத்தியைக் கூப்பிட்டு விசாரிப்பார்களா? என்னை விசாரித்தார்கள். எண்பதுகளில் ஓசூரில், ஸ்விட்ச் செய்கிற ஒரு கம்பெனியின் பேக்கிங் பிரிவில் நான் இருந்தபோது நடந்தது. இப்போது நினைத்தாலும் உடம்பு எரிகிறது.

நான் ஜவளகிரிக்காரி. புருஷன் போன பிறகு வேலை தேடி ஓசூர் வந்தவள். எங்கள் பக்கத்தில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே வாயில் வரும். புருஷன் செத்தவள் பூ வைக்கக் கூடாது என்பார்கள். அதை எடுத்துச் சொல்ல எந்தத் தெருவிலும் ஆள் குறைவில்லை. மல்லிகை வாசம் வருகிற பவுடர் போட்டதற்கே பக்கத்து வீட்டுக்காரி மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். அதனால் பஸ் ஸ்டாண்டு அருகே அத்தர் விற்கிற பாயிடம் போனேன்.

"பூ வாசம் இல்லாம ஏதாச்சும் இருக்குதா பாய்?"

அவர் அத்திப்பள்ளிப் பக்கத்து மனிதர். பாதி தமிழ், பாதி கன்னடம். பஞ்சில் ஒரு சொட்டு தொட்டு என் புறங்கையில் வைத்தார்.

"இது ஹண்ணு சென்ட்டுக்கா. ஆம்பளயும் போடலாம், பொம்பளயும் போடலாம். ஹண்ணுல ஏது ஆம்பள பொம்பள?"

கன்னடத்தில் ஹண்ணு என்றால் பழம். முகர்ந்து பார்த்தேன். ஆரஞ்சுத் தோலைக் கண்ணுக்கு நேரே பிழிந்த மாதிரி முதலில் சுருக்கென்று ஏறியது. கொஞ்சம் பொறுத்தால், கொய்யாப்பழம் வைத்த கூடையின் வாசம். யாரிடமும் குழையாத வாசம். நேருக்கு நேர் நாலு வார்த்தை கேட்டுவிட்டு, அப்புறம் உட்கார வைத்துச் சோறு போடுகிறவர்கள் இருக்கிறார்கள் அல்லவா, அந்த மாதிரி. நான் அப்படித்தான். என் வாசம் இதுதான் என்று தோன்றியது. வாங்கிக்கொண்டேன்.

எங்கள் சூப்பர்வைசரும் அதையே வாங்கிப் பூசியிருக்கிறார். தஞ்சாவூர்ப் பக்கத்தவர், கல்யாணமானவர், அதிர்ந்து பேசமாட்டார். அவர் என்ன பூசுகிறார் என்று நான் எதற்குப் பார்க்கப் போகிறேன்? டைம் ஆபீஸ் கிளார்க் பார்த்தான். எங்கள் இரண்டு பேர் மேலும் ஒரே வாசம் என்று மோப்பம் பிடித்தவன், பாய் கடைக்கே போய் ஒவ்வொரு பாட்டிலாக முகர்ந்து, எங்கள் வாசத்தைக் கண்டுபிடித்து, இது என்ன சென்ட் என்று கேட்டிருக்கிறான். பாய் "ஹண்ணு சென்ட்" என்றிருக்கிறார். கிளார்க் மதுரையிலிருந்து வந்தவன்; அவன் காதில் அது "ஹெண்ணு சென்ட்" என்று விழுந்தது. ஹெண்ணு என்றால் பெண். கம்பெனி பஸ்ஸில் பத்துக் கன்னட வார்த்தை பொறுக்கியவனுக்கு அந்த ஒன்று மட்டும் நன்றாகப் பதிந்திருக்கிறது! பெண்கள் பூசுகிற சென்ட் ஆண்பிள்ளையின் சட்டையில் எப்படி வரும்? ஒட்டினால்தானே வரும்? அவ்வளவுதான், பர்சனல் ஆபீசரிடம் ஓடிவிட்டான்.

டெம்பரரியாக இருந்தவர்களைப் பர்மனென்ட் ஆக்க லிஸ்ட் எடுத்துக்கொண்டிருந்த மாதம் அது. நாலு வருஷமாக நான் காத்திருந்த லிஸ்ட். நடத்தை சரியில்லை என்று ஒரு வார்த்தை எழுதினால் என் பெயர் போய்விடும்.

ஆபீசர் பெங்களூர்க்காரர். அறையில் கிளார்க்கும் சூப்பர்வைசரும் நின்றிருந்தார்கள்.

"ஏம்மா, உனக்கும் இவருக்கும் என்ன?"

"என்னன்னா? அவரு சூப்பர்வைசரு, நான் பொட்டி ஒட்டறவ."

"ரெண்டு பேர் மேலயும் ஒரே பொம்பளை சென்ட் வாசம் வருதாமே."

"பொம்பள சென்ட்டுன்னு யாரு சொன்னது?"

"கடைக்காரரே சொன்னாரு சார்," என்றான் கிளார்க். "ஹெண்ணு சென்ட்டுன்னு. எங்காதால கேட்டேன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"காதக் கழுவிக்கிட்டுப் போய்க் கேளு சாமி. ஹெண்ணு இல்ல, ஹண்ணு. பழம்! பாஷ தெரியாத ஊருல வந்து பொம்பள மேல பழி போடறியே, வெக்கமா இல்ல?"

ஆபீசர் சிரிக்க ஆரம்பித்தார். "ஹண்ணு... ஹெண்ணு..." என்று சொல்லிச் சொல்லி மேசையைத் தட்டினார்.

"சிரிக்காதீங்க சார். போகப் பாத்தது எம் பொழப்பு."

கிளார்க்கின் மேல் வந்த கோபத்தைவிட சூப்பர்வைசர் மேல்தான் அதிகம் வந்தது. நானும் அந்தக் கடையில்தான் வாங்கினேன் என்று அவர் முதலிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சுவரில் மாட்டிய காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சரி, முடிஞ்சுது," என்றார் ஆபீசர். "இனிமே நீ மட்டும் சென்ட் போடாம வாம்மா. எதுக்கு வம்பு?"

"அவருக்கும் அதே சட்டமா சார்?"

"அவர் ஸ்டாஃப்பு."

"ஸ்டாஃப்புன்னா வாசம் மாறிடுமா? ரெண்டு பேருக்கும் சேத்து எழுதி நோட்டீஸ் போர்டுல ஒட்டுங்க. நிறுத்திக்கறேன்."

அவர் எழுதவில்லை. மறுநாள் வழக்கத்தைவிட இரண்டு சொட்டு கூடப் பூசிக்கொண்டுதான் கேட்டுக்குள் நுழைந்தேன்.

சூப்பர்வைசரோ வெறும் சோப்பு வாசத்தோடு வந்தார். அன்றைக்கும், அடுத்த நாளும். ஒரு வாரத்தில் கேன்டீனில் என் காது கேட்கவே பேசினார்கள்.

"பாத்தியாடி, அந்தாளு நிறுத்திட்டாரு."

"ஒண்ணுமில்லாமயா நிறுத்துவாரு?"

சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து, நேராக அவர் மேசைக்குப் போனேன்.

"சார், நாளைக்கு அந்த சென்ட்டப் போட்டுக்கிட்டு வாங்க. நீங்க போடாம வந்தா நாறறது என் பேரு."

"வீட்ல பாட்டிலத் தூக்கிப் போட்டுட்டாங்கக்கா," என்றார், தலை நிமிராமல். "விடுங்க, எல்லாரும் மறந்துருவாங்க."

"உங்களத்தான் மறப்பாங்க."

லிஸ்டில் என் பெயர் வந்தது. அது யார் தயவும் இல்லை, என் கைவேலைக்கு வந்தது. ஆனாலும், "யாரோ சொல்லி வந்திருக்கும்" என்றார்கள். தப்பு செய்யாத ஆண்பிள்ளை பயந்து ஒதுங்கியதற்கு, தப்பு செய்யாத நான் வருஷக்கணக்கில் பேச்சு வாங்கினேன். பூசுவதை மட்டும் நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் அவரைப்போல நானும் ஒத்துக்கொண்டதாக ஆகியிருக்கும்.