பாட்டத்துக்கு இருக்க மாட்டேன் என்ற நேசமணி

என் பெரியம்மை மகள் ஞானசெல்வத்துக்கு மூன்று பெண்களுக்குப் பிறகு பிறந்தவன் நேசமணி. குளத்தூர் தொடங்கி பொழியூர் கடற்கரை வரைக்கும் யாராவது சொத்துப் பிரித்தால், வேலித் தகராறு வந்தால், வீடு கட்ட அஸ்திவார வானம் தோண்டினால் முதலில் அவனைத்தான் கூப்பிடுவார்கள். நிலம் அளக்கிறவன். சர்க்கார் சர்வேயர் இல்லை, தனியார். ஆனாலும் அவன் போட்ட கோட்டை யாரும் மாற்றிப் போட்டதில்லை. பாறசாலை ஸ்டேஷன் ரோட்டில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே அவனுடைய அறை. ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், சுவரோரமாக அளவுச் சங்கிலி. அவ்வளவுதான்.

அவன் செய்த காரியம் புரிய வேண்டுமென்றால் அவன் தாத்தா மாசிலாமணியைச் சொல்ல வேண்டும். ஞானசெல்வத்தின் மாமனார். நல்ல உழைப்பாளி, பாட்டத்துக்கு இருந்தவர். நிலம் வேறொருவனுடையது, வருஷா வருஷம் பாட்டம் அளந்தால் இருக்கலாம், இல்லையென்றால் இறங்கிவிட வேண்டும். நாற்பது தென்னம்பிள்ளை நட்டு, குடத்தில் நீர் சுமந்து வளர்த்தார். மரங்கள் காய்க்கத் தொடங்கிய வருஷம் நிலக்காரனுடைய காரியஸ்தன் வந்தான். முதல் தடவை வெற்றிலைக் கட்டோடு வந்து நல்லபடியாகப் பேசினான். இரண்டாம் தடவை ஒரு சீட்டில் கைநாட்டு வாங்கிக்கொண்டு போனான். மூன்றாம் தடவை ஆட்களோடு வந்தான். தான் நட்ட மரத்தில் வேறொருவன் தேங்காய் வெட்டுவதை மாசிலாமணி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தார். நானும் பார்த்தேன், எனக்கு அப்போது ஏழு வயசு.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் ‘பாட்டம்’ என்பது கெட்ட வார்த்தை. நேசமணியின் அப்பா பத்து வருஷம் பாறை உடைத்து ஐந்து சென்ட் வாங்கினார். ஆதாரம் என்று நாங்கள் சொல்லும் கிரயப்பத்திரம் எழுதிய அன்று சாயங்கால ஜெபத்தில் வேதபுத்தகத்தின் மேல் அந்த ஆதாரத்தை வைத்து, உபதேசியாரைக் கொண்டு முழுக்க வாசிக்க வைத்தார். நான்கெல்லையும் வாசித்து முடித்ததும் எல்லாரும் ஆமென் சொன்னோம். இன்றைக்கும் அந்தக் குடும்பத்தில் நிலம் வாங்கினால் அப்படித்தான்.

இரண்டாயிரத்து எட்டில் நேசமணி நிலப்படம் வரைகிற ஒரு சாப்ட்வேர் வாங்கினான். அதற்கு முன்னால் எல்லாம் காகிதத்தில்தான். ஒரு மழைக்காலத்தில் கறையான் ஏறி அவனுடைய பதினாறு வருஷப் படங்களையும் தின்றுவிட்டது. அதனால் இனி எல்லாம் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இருக்கட்டும் என்று முடிவு செய்தான். ஒரு வருஷச் சம்பாத்தியம் அதில் போயிற்று. அட்டைப்பெட்டிக்குள் ஒரு சீடியும், அதைத் திறப்பதற்கான எழுத்தும் இலக்கமும் கலந்த நீளமான எண் அச்சடித்த ஒரு தாளும் இருந்தன. அன்று சாயங்கால ஜெபத்தில் வேதபுத்தகத்தின் மேல் அந்தத் தாளை வைத்தான்.

“இதுல என்னத்த வாசிக்க? கிழக்கெல்லை மேற்கெல்லை ஒண்ணும் இல்லியே?” என்று கேட்டார் உபதேசியார்.

“எண்ண வாசியும் ஓய். அதாக்கும் ஆதாரம்” என்றான் நேசமணி.

அவர் இருபத்தைந்து எழுத்தையும் ஒவ்வொன்றாக வாசித்தார். நாங்கள் ஆமென் சொன்னோம். நேசமணியின் பெண்டாட்டி விமலகுமாரிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அந்தத் தாளை அவன் பிளாஸ்டிக் ஒட்டி, வீட்டு ஆதாரத்தோடு சேர்த்து அலமாரியில் வைத்துப் பூட்டினான்.

இரண்டாயிரத்துப் பதினொன்றில் பொழியூரில் ஒரு நில அளவு நடந்தது. கடல் தொழிலாளி ஒருவர் இறந்துபோக, அவருடைய வீட்டு மனையான புரையிடத்தை ஆறு பிள்ளைகளும் பிரித்துக்கொண்டார்கள். மூன்றாவது பங்கு சகாயதாஸுக்கு. அவன் அன்று கடலில் இருந்தான். டேப்பின் மறுமுனையைப் பிடித்து நின்றது அவன் பெண்டாட்டி லில்லிக்குட்டி. குருசடியிலிருந்து அளவு தொடங்கியது, ஏனென்றால் சர்வே கல்லைவிட அந்தச் சிலுவை மேடையைத்தான் அந்தக் கரையில் எல்லாரும் நம்புவார்கள். அளந்து முடிந்ததும் லில்லிக்குட்டி வாழையிலையில் பொதிந்து ஒரு பெரிய மீனைக் கொடுத்தாள். படத்தின் நகல் ஆறு வீட்டுக்கும் போயிற்று. பத்திரம் பதிய வேண்டிய நேரத்தில் மூத்த அண்ணன் இழுத்தடித்தான்; பதியாமலே கிடந்தது. ஆதாரம் அப்பன் பெயரிலேயே இருந்தது. பிரிவினைக்கு இருந்த ஒரே அத்தாட்சி நேசமணி போட்ட படம்.

பிறகு சாப்ட்வேர் கம்பெனியிலிருந்து முதல் கடிதம் வந்தது. ஈமெயில்தான், ஆனால் நேசமணி அதைக் கடிதம் என்றே சொல்வான். மகன் ஜெனில் திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கிறவன், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்திருந்தான். அவன்தான் வாசித்துச் சொன்னான்.

“இனி விலைக்குக் குடுக்க மாட்டானாம் அப்பா. மாசா மாசம் கெட்டணும். கெட்டினா தொறக்கும், கெட்டலன்னா பூட்டீரும்.”

“அப்ப நான் வாங்கினது?”

“அது ஒங்களுக்கதுதான். பழசு பழசா ஓடும். ஆனா அவன் இனி அத திரும்பிப் பாக்க மாட்டான்.”

“எலே, நான் விலைக்கு வாங்கினவனாக்கும். பாட்டத்துக்கு இருக்க மாட்டேன்.”

விமலகுமாரி அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள்: “பின்னே, வஸ்து வாங்கியிருக்காருல்லா! வில்லேஜ் ஆபீசுல போய் அதுக்கு நிலக்கரமும் கெட்டிற்று வரச் சொல்லு மக்கா.”

இரண்டாவது கடிதம் ஒரு வருஷம் கழித்து வந்தது. பழைய படங்களைப் புதிய முறைக்கு மாற்றித் தருகிறோம், இலவசம், டிசம்பர் முடியும் வரைக்கும் நேரம் உண்டு என்று இருந்தது. அதற்கு முதலில் புதிய விதிகளை ஒப்புக்கொள்கிறேன் என்று ஓரிடத்தில் அமுக்க வேண்டும்.

“அப்பா, இதுக்குக் காசு இல்ல. மாத்தி மட்டும் வச்சுக்கிடலாம்” என்று ஜெனில் நயமாகச் சொன்னான். “மாசக் காசு பிறகு வேணும்னா கெட்டினா போதும்.”

“மொதல்ல வெத்தில. பிறகு கைநாட்டு. எனக்க அப்பூப்பன் கதை ஒனக்குத் தெரியாதா?”

“அது தென்னந்தோப்பு அப்பா. இது—”

“இதும் நான் நட்டதுதான். எனக்க படம். இவன் மாத்தித் தாறதுக்கு நான் எதுக்குச் சம்மதம் குடுக்கணும்?”

அவனைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வேலியோரத்தில் நின்றவர்களில் மிஞ்சியது நான் ஒரு ஆள்தான். நான் அங்கே இருந்தால் ‘செய்யாண்டாம்’ என்றுதான் சொல்லியிருப்பேன். டிசம்பர் போயிற்று.

பிறகு ஒரு துலா மாசத்து மழையில் இடி விழுந்து மருந்துக்கடைக் கட்டடத்தில் இருந்த கரண்ட் சாமான் எல்லாம் எரிந்துபோயிற்று. மாடியில் நேசமணியின் கம்ப்யூட்டரும் போயிற்று. ஜெனில் அதன் உள்ளேயிருந்த ஹார்ட் டிஸ்க் தட்டை எடுத்துக்கொண்டு போய் படங்களை மீட்டு வந்தான். எல்லாம் பத்திரமாக இருந்தன. புதிய கம்ப்யூட்டர் வாங்கி, பழைய சீடியைப் போட்டு, அலமாரியிலிருந்து தாளை எடுத்து இருபத்தைந்து எழுத்தையும் அடித்தார்கள். சரிபார்க்கிறேன் என்று சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் இந்தப் பதிப்பு இப்போது இல்லை என்று வந்தது. நேசமணி மறுபடியும் அடித்தான். மறுநாள் காலையிலும் அடித்தான். அந்த வாரம் முழுக்க, அறைக்குப் போனதும் முதல் வேலையாக அடித்துப் பார்த்தான்.

படங்கள் இருக்கின்றன, திறக்க வழியில்லை. அதற்கும் அவன் அசையவில்லை. புதிய அளவுகளைக் காகிதத்தில் வரைந்து கொடுத்தான். பழைய படம் கேட்டு யாரும் வரவும் இல்லை.

அடுத்த இடவப்பாதி மழைக்காலத்தில் கடல் வந்தது. பொழியூரில் கடல் வருவது புதிதில்லை. வீடுகளை வரிசையாக எடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. அந்தத் தடவை ஆறு வீடும் போயின, குருசடியும் போயிற்று, வீடுகளில் இருந்த ஆறு நகல்களும் போயின. சகாயதாஸ் இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. லில்லிக்குட்டி கையில் ஒரு பிளாஸ்டிக் கவரோடு பள்ளிக்கூட முகாமுக்குப் போனாள். ரேஷன் கார்டு மட்டும் அதில் இருந்தது.

வீடும் மனையும் போனவர்களுக்கு வேறிடம் தருவதாகச் சொன்னார்கள். ஆனால் மனை உன் பெயரில் இருந்ததா என்று கேட்டார்கள். ஆதாரத்தில் அப்பன் பெயர். அப்பனுக்கு வாரிசு என்று வில்லேஜ் ஆபீஸில் எழுதியிருந்தது மூத்தவனை. அவன் எப்போதோ திருவனந்தபுரத்தில் வீடு கட்டிப் போய்விட்டவன், பங்கு வைக்கவே இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டான். பிரித்த அன்றைக்கு வரைந்த படம், தேதியோடும் அளவோடும் கொண்டு வந்தால் பார்க்கலாம், இன்றைக்கு வரைந்தது ஆகாது என்றார் ஆபீஸில் இருந்தவர்.

லில்லிக்குட்டி பாறசாலைக்கு பஸ் ஏறி வந்தாள். மாடிப்படி ஏறி வந்து மூச்சு வாங்க நின்றாள்.

“சாரே, நம்மளத் தெரியுதா? டேப் பிடிச்சவ.”

நேசமணிக்குத் தெரிந்தது.

“சாருக்க பெட்டியில நம்ம படம் உண்டுல்லா? எல்லாம் பெட்டிக்குள்ள உண்டு, கறையான் தின்னாதுன்னு அன்னைக்கு சார் பறஞ்சீங்க.”

“உண்டு” என்றான். பிறகு, “ரெண்டு நாள் கழிச்சு வா பிள்ளே” என்றான்.

அன்று வீட்டுக்கு வந்ததும் ஜெனிலுக்குப் போன் செய்தான். நான் அப்போது அங்கேதான் சோறு தின்றுகொண்டிருந்தேன்.

“மக்கா, அந்தப் பாட்டத்தக் கெட்டு” என்றான்.

விமலகுமாரி அடுக்களையிலிருந்து வெளியே வந்து பார்த்தாள்.

ஜெனில் பணம் கட்டினான். புதியது இறங்கியது. ஒப்புக்கொள்கிறேன் என்ற இடத்தில் நேசமணியே விரலால் அமுக்கினான். லில்லிக்குட்டியின் படத்தை அதில் கொடுத்ததும், இது மிகப் பழைய வகை, முதலில் மாற்ற வேண்டும் என்றது. மாற்றுகிற இடத்துக்குப் போனால், அந்தச் சேவை முடிந்துவிட்டது என்று இருந்தது. ஜெனில் கம்பெனிக்குப் போன் செய்தான். பேசிய பெண் மிகவும் மரியாதையாகப் பேசினாளாம். டிசம்பர் வரைக்கும் நேரம் கொடுத்தோமே சார் என்றாளாம்.

ஜெனிலுடைய சிநேகிதன் அகிலேஷ் இந்த விஷயங்களில் கெட்டிக்காரன். நாலு நாள் உட்கார்ந்து ஏதோ வழியில் பாதியைத் திறந்தான். கோடுகள் வந்தன. எழுத்து இருந்த இடமெல்லாம் சின்னச் சின்னக் கட்டங்கள். அளவும் இல்லை, பெயரும் இல்லை, தேதியும் இல்லை. சில கோடுகள் பாதியில் நின்றன. ஆறு பங்கில் எது மூன்றாவது என்றுகூடத் தெரியவில்லை. வடக்குப் பக்கம் ஒரு சின்னச் சதுரம் இருந்தது. அது குருசடியாக இருக்கலாம்.

நேசமணி அதையும் அச்செடுத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போனான். அங்கே இருந்தவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சாரே, இதில் அளவெவிடெ?” என்றார் மலையாளத்தில், அளவு எங்கே என்று.

“நான் அளந்ததாக்கும். சத்தியம் செய்து தாறேன்.”

“நிங்ஙள் அளந்நது எனிக்கு விசுவாசம். பேப்பர் வேண்டே?” நீங்கள் அளந்ததை நம்புகிறேன், ஆனால் தாள் வேண்டாமா என்றார்.

அத்தோடு முடிந்தது. வேறிடம் கிடைக்கிறவர்களின் பட்டியல் வந்தபோது லில்லிக்குட்டியின் பெயர் அதில் இல்லை. மூத்த அண்ணன் பெயர் இருந்தது.

கடைசியாக அவள் வந்த அன்று நானும் அந்த அறையில் இருந்தேன். மருந்து வாங்க வந்தவள், கடையில் கூட்டமாக இருந்ததால் மேலே ஏறி உட்கார்ந்திருந்தேன். கையில் இலைப்பொதியோடு அவள் வந்தாள். மீன். நேசமணி அதைப் பார்த்ததும் எழுந்துவிட்டான்.

“இது வேண்டாம் லில்லிக்குட்டி. எனக்கு இது இறங்காது.”

“கரையில கிடச்சது சாரே. விலைக்கு வாங்கினதில்ல.” பொதியை மேசையில் வைத்தாள். “நான் வந்தது வேற காரியத்துக்கு. இப்ப மகள் பின்சி கூட உதயங்குளங்கரையில வாடகைக்காக்கும் இருக்கோம். பேத்தி கேக்குது, அம்மும்மைக்கு வீடு எங்கேன்னு. கடலக் காணிச்சா சிரிக்குது. சார் ஒரு தாளுல எழுதித் தரணும். நான் அளந்ததாக்கும்னு.”

நேசமணி தாளை எடுத்தான். பொழியூர், கடற்கரை, சகாயதாஸ் பங்கு என்று எழுதினான். கிழக்கு மேற்கு என்று எழுதி நிறுத்தினான். நின்றது நின்றதுதான். ஆயிரக்கணக்கில் மனை அளந்தவன். அந்த ஒன்றின் நீளம் எப்படி நினைவிருக்கும்? கண்ணை மூடிப் பார்த்தான். டேப்பின் முனையில் அவள் நின்றதும், காற்றில் டேப் ஆடியதும், மீன் பொதியும் நினைவுக்கு வந்திருக்கும். எண் வரவில்லை.

“நீ அன்னைக்கு முனையில நின்னியே. எத்தன அடின்னு ஓர்ம உண்டா?”

“நான் பிடிச்சது பூஜ்யத்தையாக்கும் சாரே. எண்ணு எல்லாம் சாருக்கக் கையிலதான் இருந்துது.”

அவன் பேனாவை வைத்துவிட்டான். அளவில்லாமல் ஒரு மனையை அவன் வாழ்நாளில் எழுதியதில்லை. மேசையில் கம்ப்யூட்டர் திறந்திருந்தது, மாசக் காசு கட்டிய புதியது, ஒரு கோடும் இல்லாமல் வெள்ளையாக.

“அளவு போடாண்டாம்” என்றாள் லில்லிக்குட்டி. “வீடு இருந்துதுன்னு மட்டும் எழுதுங்க.”

எழுதினான். கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினான். அவள் வாசிக்கத் தெரியாமல் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நாலாக மடித்து, ரேஷன் கார்டு இருந்த கவருக்குள் வைத்துக்கொண்டு, “பஸ்ஸுக்கு நேரமாச்சு, வாறேன் சாரே” என்று இறங்கிப் போனாள்.

மீனை நான்தான் வீட்டுக்கு எடுத்துப் போனேன். அவன் தொடவில்லை.